பழைய சிவிக் எஸ்ஐஆருக்கு நாலு டயர்: காத்தான்குடியில் வாங்கி, ஒரு மாரி ஓடிப் பார்த்த பிறகு

195/55 ஆர் 15 என்ற அளவில் (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 15 அங்குலம்) மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் டயர் தேடி அலைகிறவர்களுக்கு இது உதவலாம். என் கார் 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் எஸ்ஐஆர், அதாவது சிவிக்கின் ஸ்போர்ட் வகை; ஈகே4 அதன் மொடல் குறியீடு. போட்டது யோகோஹாமா அட்வான் ஃபிளேவா வி701, நான்கும் புதிது. மாரி முழுக்க ஓடிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஈரத்தில் நிற்கிறது, ஸ்டியரிங் சொன்னபடி கேட்கிறது, விலைதான் கையைக் கடிக்கிறது.

கார் அண்ணனுடையது. மெல்பேர்ன் போகும்போது விற்க மனமில்லாமல் என்னிடம் விட்டுப் போனார். 1600 சிசி, பி16ஏ விடெக் எஞ்சின் (சுற்று ஏறும்போது வால்வுகளைக் கூடுதலாகத் திறந்து வலுக் கூட்டுகிற வகை), ஜப்பான் கணக்கில் 170 குதிரைவலு. அந்த 170உம் நிமிடத்துக்கு 7800 சுற்றில்தான் வரும், ஆகவே கல்முனை பஜாருக்குள் போகும்போது இதுவும் ஒரு சாதாரண சிவிக்தான். காரின் எடை ஆயிரத்து நூறு கிலோவுக்குள். முன்சில்லு இழுக்கிற கார். பிரேக் அடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் பார்க்கிற ஏபிஎஸ் இருக்கிறது, கார் சறுக்கினால் தானே பிடித்து நேராக்குகிற இந்தக் காலத்துக் கணினி வேலை எதுவும் இல்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை திறக்காமல் வைத்திருந்ததில் இப்படியான பழைய கார்களுக்கெல்லாம் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது. முன்பு "இதை எப்போ தள்ளப்போறீங்க" என்று கேட்டவர்கள் இப்போது "விற்கிறதென்றால் சொல்லுங்க" என்கிறார்கள்.

என் ஓட்டம் கல்லடியிலிருந்து அம்பாறைக்கு. வங்கி வேலை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கடற்கரையோடு போய், காரைதீவில் திரும்பி, சம்மாந்துறை தாண்டி வயல்வெளிக்குள் போகிற பாதை. டயரைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தப் பாதையைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால் இணையத்தில் இருக்கிற டயர் விமர்சனம் எல்லாம் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ ஓட்டிப் பார்த்து எழுதியது. அங்கே நெல் காயப்போட்ட ரோடு இல்லை.

ஐப்பசியில் விதைப்பு தொடங்கும்போது சம்மாந்துறைக்கும் அம்பாறைக்கும் இடையில் வயலுக்குள் இருந்து ஏறிவரும் டிராக்டர்கள் களிமண்ணைக் கட்டி கட்டியாக ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போகும். காய்ந்து கிடக்கும்வரை அது வெறும் அழுக்கு. முதல் தூறல் விழுந்ததும் சவர்க்காரம். அறுவடைக் காலத்தில் ஓரத்தில் அரை ரோட்டுக்கு நெல்லும் வைக்கோலும். இரவில் ரோட்டுச் சூட்டுக்கு மாடுகள் வந்து படுக்கும்; கறுப்பு மாடு, கறுப்பு ரோடு, எதிரே வருகிறவனின் ஹெட்லைட் கண்ணுக்குள். மாரியில் தாழ்வான இடங்களில் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடும். இவை போதாதென்று, சிக்னல் போடாமல் திரும்பும் முச்சக்கர வண்டி. இந்த ஓட்டத்தில் எனக்கு வேண்டியது வளைவில் ஒட்டிக்கொள்கிற டயர் அல்ல, ஈரத்தில் பிரேக் அடித்தால் நிற்கிற டயர். வளைவுதான் இங்கே எங்கே இருக்கிறது? மட்டக்களப்பில் வளைந்து ஓட ஆசைப்பட்டால் ரவுண்டபவுட்டைத்தான் நாலு தரம் சுற்ற வேண்டும்.

முன்பு போட்டிருந்தது ஒரு மலிவு டயர். பெயர் வேண்டாம், அது செய்த குற்றம் ஒன்றுமில்லை, வயசாகிவிட்டது. பூவை, அதாவது ரோட்டில் படுகிற வெட்டு வேலைப்பாட்டை, பார்த்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடலாம் போல இருந்தது. ஆனால் பெருவிரல் நகத்தால் அழுத்தினால் ரப்பரில் தடம் விழவில்லை, பலகை மாதிரி. வங்கிக்கு முன்னால் முழு நாளும் வெயிலில் நிற்கிற கார். சூடும் ஒட்சிசனும் சேர்ந்து ரப்பரை உள்ளிருந்தே இறுக்கிவிடும், பூ தேய்கிறதோ இல்லையோ. அதனால்தான் டயர்க் கம்பனிகளே ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கொரு தடவை பார்க்கச் சொல்கின்றன. பத்து வருடம் ஆனால் பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றச் சொல்கின்றன. களுவாஞ்சிகுடியில் ஒரு மழை நாள் மாடு ஒன்று குறுக்கே வர, ஏபிஎஸ் காலுக்கடியில் கடகடவென்று அடித்துக்கொண்டே போனது, கார் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. மாடு தன்பாட்டில் நகர்ந்ததால் தப்பியது. அந்த வாரமே தேடத் தொடங்கினேன்.

தேடுகிறேன் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு ஆலோசனை. அண்ணன் மெல்பேர்னில் இருந்து, "தங்கச்சி, அது எஸ்ஐஆர். நியோவா தவிர வேற ஒண்டும் போடாத" என்றார். யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி08ஆர் அவர் சொன்னது. அருமையான டயர், மறுப்பில்லை. ஆனால் அதன் தேய்மான எண் 180. டயரின் பக்கத்தில் டிரெட்வேர் என்று ஒரு எண் அச்சடித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் டயருக்கு 100. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு குறிப்பிட்ட பாதையில் 7200 மைல் ஓடவைத்து அளந்து, அதிலிருந்து கம்பனியே கணக்குப் போட்டுக் கொடுக்கிற எண் அது. எண் குறைந்தால் பெரும்பாலும் ரப்பர் மென்மை, பிடி கூட, ஆயுள் குறைவு. வேறு வேறு கம்பனிகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க முடியாது, ஆனால் எந்தச் சாதி டயர் என்று விளங்கும். 200க்குக் கீழே வருவது பந்தயச் சர்க்கிட்டுக்குப் போகிறவர்களின் டயர். அதன் ரப்பர் சூடேறிய பிறகுதான் முழுப் பிடியையும் காட்டும். காரைதீவுச் சந்தியில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று போகிறவளுக்கு அது எதற்கு? நம்முடைய ரோட்டுச் சல்லி வேறு அந்த மென்மையான ரப்பரில் ஏறிக்கொண்டு வீல் ஆர்ச்சுக்குள் சடசடவென்று அடிக்கும். அண்ணனிடம் இதைச் சொன்னதற்கு, "அப்ப ஏன் எஸ்ஐஆர் வச்சிருக்கிறாய், ஓல்டோ வாங்கன்" என்று போனை வைத்துவிட்டார்.

கல்முனையில் ஈஜி சிவிக் (என்னுடையதற்கு முந்தைய மொடல்) வைத்திருக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார், இந்தக் கார்களைப் பற்றி எதைக் கேட்டாலும் விடை வைத்திருப்பார். அவர் 17 அங்குல ரிம்மைப் போட்டு 205/40 போடச் சொன்னார். "அக்கா, பார்க்கவே வேற மாதிரி இருக்கும்." இருக்கும்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அளவும் சரியாகத்தான் வருகிறது: 195/55 ஆர் 15இன் மொத்த விட்டம் 595.5 மி.மீ., 205/40 ஆர் 17இன் விட்டம் 596க்குக் கொஞ்சம் குறைவு. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையில் நிற்கிற ரப்பரின் உயரம் 107 மி.மீ.இல் இருந்து 82 மி.மீ.க்கு வந்துவிடும். இந்த 25 மி.மீ.தான் நம்மூரில் ரிம் நெளிவதற்கும் நெளியாததற்கும் உள்ள வித்தியாசம். பாலம் ரோட்டோடு சேர்கிற இடத்தில் இருக்கும் விளிம்பு, மதகுக்கு மேலே தார் உட்கார்ந்துபோன பள்ளம், மழைத்தண்ணி மூடிக் கிடக்கும் குழி, இவை எதுவும் கண்ணுக்குத் தெரிந்து வருவதில்லை. அண்ணன் காலத்து 17 அங்குல ரிம்கள் வீட்டுப் பின்புறம் அடுக்கியபடி இருக்கின்றன. ஒன்றை உருட்டிவிட்டால் நேராகப் போகாது. கம்பனி கொடுத்த 15 அங்குல ரிம்மே எனக்குப் போதும்.

என் கணவருக்கு டயர் வட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் சொன்னது 185/60 ஆர் 15, கார்க்காரர் பாதிப்பேர் போடுவது, எல்லாக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. நேர்மையாகச் சொன்னால் இது தவறான யோசனை அல்ல. விட்டம் 603 மி.மீ., நமது அளவைவிட 1.3 சதவீதம்தான் கூட, அந்த ரிம்மில் ஒழுங்காக உட்காரும். நாலாயிரம் சுற்றுக்கு மேல் எஞ்சினை ஏற்றாதவர் என்றால் போட்டுவிட்டு மிச்சக் காசில் சொக் அப்சோர்பர் மாற்றலாம். ஆனால் அந்த அளவில் இங்கே கிடைத்த டயர்கள் பெரும்பாலும் எரிபொருள் மிச்சம், நீண்ட ஆயுள் என்று செய்தவை. ஈகேயில் முன்னும் பின்னும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். அந்தக் காரை ஓட்டுகிற சுகமே ஸ்டியரிங்கை ஒரு விரல் அசைத்தால் மூக்கு உடனே திரும்புவதுதான். பக்கச்சுவர் தொளதொளவென்று இருந்தால் அந்த ஒரு சுகமும் போய்விடும்.

195/50 ஆர் 15ஐ "கிட்டத்தட்ட ஒண்டுதான்" என்று விற்கப் பார்ப்பார்கள். ஒன்றல்ல. விட்டம் 576, மூன்று சதவீதத்துக்கு மேல் குறைவு. கார் தாழும், ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டும். வேண்டாம்.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஏறி இறங்கியதில் சரியான அளவில் அகப்பட்டவை நாலைந்துதான். மிச்செலின் எனர்ஜி எக்ஸ்எம்2 பிளஸ் இருந்தது. அது நீண்ட உழைப்பையும் ஈரத்தையும் நினைத்துச் செய்தது, ஸ்போர்ட் டயர் இல்லை. கணவருக்கும் எனக்கும் நடுவில் சமாதானம் பண்ண வேண்டுமென்றால் அதை வாங்கியிருப்பேன். பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்ஈ003 என் மனதில் முதலில் இருந்தது, இரண்டுதான் கையிருப்பில் இருந்தது, மற்ற இரண்டுக்குக் காத்திருக்க வேண்டும். கும்ஹோ எக்ஸ்டா பிஎஸ்31 விலைக்கு நல்லது என்று பலரும் சொன்னார்கள். ஃபிளேவா வி701 ஜப்பானில் 2016இல் வந்தபோது ஈரப்பிடிக்கு அங்கே கொடுக்கிற தரங்களில் உயர்ந்ததான 'a'ஐ வாங்கியது. என் தேவைக்கு நேராக விடை சொன்னது அதுதான். உலகத்துக்கே சொலிட் டயர் செய்து அனுப்புகிற நாட்டில் இருந்துகொண்டு ஒரு பழைய சிவிக்குக்கு நாலு டயர் தேட இவ்வளவு பாடு.

நடுவில் ஒரு கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஊர் பெயர் வேண்டாம். "ஜப்பான் பாவிச்ச சாமான், பூ முழுசா இருக்கு, பாதி விலை" என்று நாலு ஸ்போர்ட் டயர்களைத் துடைத்து மினுக்கி வைத்திருந்தார்கள். கறுப்பு பொலிஷ் போட்டால் எந்த டயரும் மாப்பிள்ளைதான். தயாரித்த திகதி எங்கே என்று பார்த்தால், டயரின் பக்கத்தில் குறியீடு தொடங்குகிற டிஓடி என்ற எழுத்து இருக்கிறது, திகதியைச் சொல்கிற கடைசி நாலு இலக்கம் இல்லை. இது ஏமாற்று இல்லை. முழுக் குறியீடு பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், மற்றப் பக்கத்தில் அரைகுறையாக நின்றுவிடும். திருப்பச் சொன்னேன். "அதெல்லாம் ஒண்டுதான் மிஸ்." நானே சரித்து, போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன்: 1515. 2015ஆம் ஆண்டின் பதினைந்தாவது வாரம். பூக்களுக்கு இடையில் உள்ள பள்ளத்தின் அடியில், ரப்பரை விரலால் விரித்துப் பார்த்தபோது, தலைமயிர் அளவில் வரிவரியாக வெடிப்பு. மேலே மினுக்கம், அடியில் கிழடு. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். எந்தக் கடையில் வாங்கினாலும் அந்த நாலு இலக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். முன் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. புதிதென்று பிளாஸ்டிக் சுற்றி வைத்திருப்பதும் களஞ்சியத்தில் மூன்று வருடம் தூங்கியதாக இருக்கலாம்.

கடைசியில் வாங்கியது காத்தான்குடிப் பிரதான வீதியில் உள்ள ஒரு கடையில். நடுத்தரக் கடை, ஒரு நேரத்தில் இரண்டு கார் ஏற்றலாம். முதல் கால் மணி நேரம் கடைக்காரக் காக்கா நான் கேட்ட கேள்விக்கெல்லாம் என் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். கணவர் ஒவ்வொரு பதிலுக்கும் என்னைப் பார்த்தார். லோட் இன்டெக்ஸ் 84ஆ 85ஆ என்று நான் கேட்டதும்தான் காக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "மகள், வாகனம் நீங்கதான் ஓட்டுறயா?" "ஓம் காக்கா." "அப்ப சரி, உங்களோடயே கதைப்பம்." அதற்குப் பிறகு கணவருக்குத் தேத்தண்ணி வந்தது, எனக்கு டயர் வந்தது.

85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 84 என்றால் 500. இந்தக் காருக்கு இரண்டும் தாராளம். அதற்குப் பக்கத்தில் இருக்கிற 'வி' என்ற வேகக் குறி 240 கி.மீ. வரைக்கும். நம் சட்டம் ஊருக்குள் 50, வெளியே 70 என்கிறது, பிறகு 240 எதற்கு என்று கணவர் கேட்டார், நியாயமான கேள்விதான். அந்த எழுத்து வேகத்துக்கு மட்டும் அல்ல. அவ்வளவு வேகத்துக்குச் செய்த டயரின் உடம்பு சூட்டைத் தாங்கும்படி இறுக்கமாகக் கட்டியிருக்கும். ஸ்டியரிங் கூர்மையாக இருப்பதும், சித்திரை வெயிலில் டயர் சோர்ந்துபோகாததும் அதில்தான் வருகிறது.

திகதி பார்த்தேன், நான்கும் ஒரே வாரத்தில் செய்தவை, ஒரு வருடத்துக்கும் குறைந்த வயது. பேரம் பேசினேன். விலையில் அதிகம் விழவில்லை. பலன்ஸிங்கும் புது வால்வும் அதற்குள் அடக்கம் என்று முடிந்தது. ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது மொத்தக் கணக்கு. வால்வு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், டயர் மாற்றும்போதெல்லாம் ரப்பர் வால்வும் புதிதாகப் போட வேண்டும்.

பூட்டிய பொடியன் வேலை தெரிந்தவன். ஃபிளேவா ஒரு திசையில்தான் சுழல வேண்டிய டயர், பக்கத்தில் அம்புக்குறி இருக்கும். இரண்டு வலதுக்கு, இரண்டு இடதுக்கு என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் தொடங்கினான். டயரில் இருந்த மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினான். மஞ்சள் புள்ளி டயரின் பாரம் குறைந்த இடம், வால்வு ரிம்மின் பாரம் கூடிய இடம், இரண்டும் சேர்ந்தால் ஈயக்கட்டி குறைவாக ஒட்டினால் போதும். இதைத் தெரிந்து செய்கிற கடை நம் பக்கத்தில் நிறைய இல்லை. வெளி ரிம் போட்டவர்களுக்கு ஒன்று: ஹொண்டாவின் நடு ஓட்டை 56.1 மி.மீ., சந்தையில் வாங்குகிற ரிம்களில் பலதுக்கு 73.1. இடையில் வளையம் போடாவிட்டால் எத்தனை தரம் பலன்ஸ் பண்ணினாலும் ஸ்டியரிங் நடுங்கும், டயரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நட்டு இறுக்கும்போதுதான் வாய் திறக்க வேண்டி வந்தது. காற்றுத் துப்பாக்கியை எடுத்து டர்ரென்று இறுக்கப் பார்த்தான். ஹொண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் போனால் ஸ்டட் இழுபடும், வழியில் பஞ்சர் ஆனால் காரில் இருக்கிற சின்னச் சாவியால் கழற்றவும் முடியாது. டோர்க் ரென்ச் இருக்கிறதா என்றேன். காக்கா உள்ளே குரல் கொடுக்க, ஒரு பெட்டி வந்தது. பெட்டியின் மேலிருந்த தூசியைப் பார்த்தால் கடை திறந்த நாளில் வாங்கியது போல இருந்தது. ஆனால் இருந்தது, கிளிக் கிளிக்கென்று ஒவ்வொரு நட்டும் இறுக்கித் தந்தான். நைதரசன் அடிக்கட்டுமா என்று கேட்டார்கள். சாதாரணக் காற்றில் 78 சதவீதம் ஏற்கெனவே நைதரசன்தான், அதை இனாமாகவே அடியுங்கள் என்றேன். காக்கா சிரித்துவிட்டார்.

அலைன்மென்டை அதே நாளில் செய்தோம். இந்தப் பழைய சிவிக்குகளுக்குப் பின்சில்லைப் பிடித்திருக்கிற டிரெயிலிங் ஆமின் ரப்பர் புஷ் கிழிவது வழக்கம். அது கிழிந்த நிலையில் அலைன்மென்ட் பார்ப்பது வெறும் காசுச் செலவு. நான் அதை முன்பே கராஜில் மாற்றிவிட்டுத்தான் வந்தேன். காரைத் தாழ்த்தி ஓட்டுகிற தம்பிமாருக்கு டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாவதற்கும் காரணம் அலைன்மென்டில்தான் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் பூ நிறையத் தெரியும், உள்ளே கம்பி எட்டிப் பார்க்கும்.

இனி ஓட்டம். முதல் சில நாள் மெதுவாகத்தான் போனேன், அச்சிலிருந்து கழற்றுவதற்குப் பூசிய எண்ணெய்ப் பசை தேய்ந்து போகும்வரை புது டயர் வழுக்கும். அப்புறம் கார்த்திகை மழை பிடித்தது. வித்தியாசத்தை முதலில் காட்டியது பிரேக். பழைய டயரில் ஏபிஎஸ் துடிக்கத் தொடங்குகிற அழுத்தத்தில் இப்போது கார் பேசாமல் நிற்கிறது. கல்முனைக்குள் மழையில் முச்சக்கர வண்டி ஒன்று வழமைபோல் வெட்ட, மிதித்தேன், நின்றது. காலுக்கடியில் ஒரு துடிப்பும் இல்லை, பின்னால் வந்த வேன்காரர்தான் ஹோர்ன் அடித்தார். சம்மாந்துறைக் களிமண்ணில் எந்த டயரும் வழுக்கும், இதுவும் வழுக்குகிறது, ஆனால் வழுக்கப்போகிறது என்பதை ஸ்டியரிங் முன்கூட்டியே கைக்குச் சொல்கிறது.

தண்ணீர் ஓடும் இடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது: மழைக்காலம் வந்தால் பிடி கூடும் என்று காற்றைக் குறைப்பார்கள். நேர்மாறான வேலை. நாசாவில் 1960களில் விமானச் சில்லுகளை வைத்து ஆராய்ந்து கண்ட ஒரு கணக்கு இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் பூவில்லாத டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது பெரும்பாலும் உள்ளே இருக்கிற காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 32 பிஎஸ்ஐயில் அது மணிக்கு 94 கி.மீ. அளவில் வரும். 24ஆகக் குறைத்தால் 82 கி.மீ. முழுதாக மிதப்பதற்கு முன்பே பிடி குறையத் தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீரைத் தள்ளி வெளியே அனுப்புவது பூவின் ஆழமும் காற்றின் அழுத்தமும்தான். புது டயரில் ஏழெட்டு மி.மீ. ஆழம் இருக்கும், 1.6இல் தேய்ந்து முடிந்ததைக் காட்டும் அடையாளக் கட்டை தெரியும். மாரிக்கு முன் மூன்றுக்குக் கீழே போயிருந்தால் 1.6 வரும்வரை நான் காத்திருக்க மாட்டேன்.

காற்றை விடிய, கார் ஓடுமுன் பாருங்கள். மத்தியானம் ஓடிவந்த சூட்டில் 32 வைத்தால் மறுநாள் விடிய 28 காட்டும். நான் முன்னுக்கு 32, பின்னுக்கு 30 வைக்கிறேன். உங்கள் காருக்கு எவ்வளவு என்று கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருப்பார்கள்.

வளைவைப் பற்றி அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. செங்கலடியில் திரும்பி கரடியனாறு, மகாஓயா, பிபிலை என்று பதுளை வீதியில் ஏறினோம். பிபிலைவரைக்கும் யானைக்குப் பயந்த ஓட்டம், லுணுகலைக்குப் பிறகுதான் ரோடு மடியத் தொடங்கும். லுணுகலைக்கும் பசறைக்கும் இடையில் இரண்டாம் கியரில் விடெக் திறக்கிற சத்தத்தோடு ஏறியபோது மூக்கு வெளியே தள்ளவே இல்லை. வளைவுக்குள் ஸ்டியரிங்கைத் திருத்த வேண்டி வரவில்லை. நியோவா இதைவிட அதிகம் பிடிக்கும், தெரியும். அந்த அதிகத்தைப் பாவிக்கிற அளவுக்குத் துணிச்சல் எனக்கு இல்லை, பக்கத்தில் இருந்தவருக்கு ஏற்கெனவே முகம் வெளிறிவிட்டது.

சத்தம் இருக்கிறது. சல்லி கரடான புது ரோட்டில் ஒரு ஊங்காரம் கேட்கும். ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிய காரின் கதவு ரப்பர்கள் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது டயரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பெற்றோல் செலவில் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தேய்மானம் முன்னுக்குக் கூட, எதிர்பார்த்ததுதான்; இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு, எல்லாம் முன்சில்லுதானே. அம்புக்குறி டயர் என்பதால் குறுக்காக மாற்ற முடியாது, அதே பக்கத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும் மாற்றலாம்.

காசு பத்தாமல் இரண்டுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், புதிய இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள். கடையில் முன்னுக்குத்தான் போடச் சொல்வார்கள், முன்சில்லு இழுக்கிற கார் என்று காரணமும் சொல்வார்கள். இது பின்பக்கம் பாரமில்லாத கார். ஈரத்தில் முன்பக்கம் பிடி விட்டால் கார் நேராகப் போகும், காலை எடுத்தால் அனேகமாகத் திரும்பப் பிடிக்கும். பின்பக்கம் விட்டால் சுற்றும். இந்தக் காரில் அதைப் பிடித்து நிறுத்த கணினி இல்லை, எல்லோருக்கும் கைப்பழக்கமும் இல்லை.

இன்னும் முடியாமல் இருப்பது ஸ்பெயார் சில்லு. காக்காவின் பொடியன்தான் டிக்கியைத் திறந்து அந்த மெல்லிய ஸ்பெயாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதில மூணு நம்பர்தான் இருக்கு" என்றான். 2000ஆம் ஆண்டுக்கு முன் திகதிக்கு மூன்று இலக்கம்தான் போட்டார்கள். அதாவது காரோடு பிறந்த டயர், ஒரு நாளும் தரையைத் தொடாமல் உள்ளேயே கிழடாகிப் போனது. அடிக்க வேண்டிய 60 பிஎஸ்ஐயை அதற்கு அடிக்க அவனுக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை. இப்போதைக்குப் பழைய டயர்களில் சுமாரான ஒன்றை இன்னொரு ரிம்மில் போட்டு டிக்கிக்குள் வைத்திருக்கிறேன். குழிக்குள் இறங்காமல் மேலே நிற்கிறது, அதற்கு மேல் மரக்கறிப் பையை வைத்தால் உருண்டு விழுகிறது. நாலு நட்டு, 100 பிசிடி (நட்டுகள் நிற்கிற வட்டத்தின் விட்டம், மி.மீ.இல்), 2015க்குப் பிறகு செய்த மெல்லிய ஸ்பெயார் எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள். கொழும்புக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும் என்றாலும் சரி.